கம்பி தொடாமல் வந்த குரல்

எங்கள் வீட்டு மாடி அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. இரண்டடி உயரம், ஓரடி அகலம். முன்முகத்தில் கறுப்புத் துணி போர்த்தியிருப்பதால், புதிதாக வருகிற பிள்ளைகள் அதைத் தொட அஞ்சுவார்கள். 1985ஆம் ஆண்டில் நான் என் கையால் செய்த ஒலிபெருக்கிப் பெட்டி அது. செய்தேன் என்பதைக் காட்டிலும், இரண்டு முறை செய்தேன் என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கம். முதல் முறை செய்ததில் ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கதைக்குள் சற்று மின்சாரமும் காந்தமும் வரும். அவை இல்லாமல் இதைச் சொல்ல இயலாது.

என் காக்கா 1978இல் சவூதிக்குப் போனார். கடிதம் எழுதுவதில் அவருக்குச் சோம்பல் அதிகம். எழுதினாலும் நான்கு வரிக்குள் ஸலாமும் முடிந்துவிடும், சமாச்சாரமும் முடிந்துவிடும். ஆனால் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவார். அந்நாளில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் கடிதத்தைவிடக் கேசட்டுக்கே மதிப்பு. ஊருக்கு வரும் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேர்ந்த அன்று வீடு முழுவதும் டூ-இன்-ஒன்னைச் சுற்றி உட்கார்ந்துவிடும். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவார். கேட்டு முடித்த பிறகு, அதே கேசட்டில் நாங்கள் பேசிப் பதிவுசெய்து, போகிறவரிடம் கொடுத்து அனுப்புவோம். புதுக் கேசட் வாங்கும் செலவு மிச்சம் என்றுதான் அன்று நினைத்தோம். ஒவ்வொரு முறையும் பழைய குரலை அழித்துக்கொண்டிருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

1983இல் அங்கே ஒரு சாலை விபத்தில் காக்கா மவ்த்தானார். அங்கேயே நல்லடக்கம் செய்துவிட்டார்கள். எங்களிடம் அவர் குரலாக எஞ்சியது ஒரே ஒரு கேசட். நாங்கள் பதில் பேசி அனுப்பத் தாமதித்ததால் பிழைத்துக்கொண்ட கேசட் அது.

உம்மா நாள்தோறும் அஸர் தொழுதுவிட்டு அதைப் போடச் சொல்வார். டூ-இன்-ஒன்னின் ஒலிபெருக்கியோ உள்ளங்கை அகலம்கூட இல்லாதது. உம்மாவுக்கு அப்போதே காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து, காதை அதன் சல்லடையில் ஒட்டவைத்துக் கேட்பார். பார்க்கச் சகிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும்படி ஒரு பெரிய பெட்டி செய்து தரவேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

நான் மின்பொறியாளன் அல்லன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஆயினும் கணக்குத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு அகந்தை அந்த வயதில் இருந்தது. சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து, எட்டு அங்குல ஊஃபர் ஒன்றும் ட்வீட்டர் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் எட்டு ஓம். ஊஃபர் என்பது தடித்த ஓசைகளுக்கு. ட்வீட்டர் மெல்லிய, கூர்மையான ஓசைகளுக்கு. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் எல்லா ஓசையையும் அனுப்பினால், ட்வீட்டரின் மெல்லிய சுருள் தடித்த ஓசையின் பளுவைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு பங்கீட்டாளன் வேண்டும். அதைத்தான் கிராஸ் ஓவர் என்கிறார்கள்.

அதன் தத்துவம் எளிது. கம்பிச்சுருளுக்கு ஒரு குணம் உண்டு: மெதுவாக அசையும் மின்னோட்டத்தை விட்டுவிடும், விரைந்து அசைவதை மறிக்கும். மின்தேக்கிக்கு, கடைவீதிப் பேச்சில் கண்டன்சருக்கு, நேர்மாறான குணம். ஊஃபரின் வழியில் ஒரு சுருளை வைத்தால் தடித்த ஓசை மட்டும் போகும். ட்வீட்டரின் வழியில் ஒரு கண்டன்சரை வைத்தால் மெல்லிய ஓசை மட்டும் போகும். காவலை இன்னும் இறுக்க வேண்டுமானால், ஊஃபருக்குக் குறுக்கே ஒரு கண்டன்சரும் ட்வீட்டருக்குக் குறுக்கே ஒரு சுருளும் சேர்த்துக்கொள்ளலாம். நொடிக்கு 3000 அதிர்வு என்ற இடத்தில் பிரிப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 0.6 மில்லிஹென்றிச் சுருள் இரண்டு, 4.7 மைக்ரோஃபேரட் கண்டன்சர் இரண்டு என்று விடை வந்தது. இந்த அமைப்பில் ட்வீட்டரைத் தலைகீழாக, கூட்டலைக் கழித்தலில் இணைக்க வேண்டும். இல்லையேல் பிரியும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதையும் புத்தகத்தில் பார்த்துச் சரியாகவே செய்தேன். அதனால் வந்த பெருமிதந்தான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

கண்டன்சர் கடையில் கிடைத்தது. சுருளை நானே சுற்றினேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் 18ஆம் நம்பர் எனாமல் கம்பியை எடைக்கு வாங்கினேன். நாலு சென்டிமீட்டர் விட்டமுள்ள மரக்கட்டையில் ஏறத்தாழ 120 சுற்று. ஒரு சுருளுக்குப் பதினெட்டு மீட்டர் கம்பி போயிற்று. எடை இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுற்றிச் சுற்றி விரல் தழும்பேறியது. ராத்தா கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்ற, இடையில் எண்ணிக்கை தவற, மறுபடியும் முதலிலிருந்து. இப்படி மூன்று இரவுகள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். பெட்டிக்குள் இடம் குறைவு. புத்தகத்தில் இருந்த சுற்றுப்படத்தில் இரண்டு சுருள்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரையப்பட்டிருந்தன. அதைப் பார்த்து, இரண்டு சுருள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் நீளமான ஓர் இரும்பு போல்ட்டைச் செலுத்தி, நட்டை முறுக்கிப் பலகையில் இறுக்கிவிட்டேன். பார்ப்பதற்கு எவ்வளவு அழகு! கட்டுக்கோப்பாக, இடியாப்பத் தட்டுகளை அடுக்கியது போல நின்றது. எது எதனோடு இணைய வேண்டும் என்பதைத்தான் சுற்றுப்படம் சொல்கிறது, எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அது சொல்வதேயில்லை என்னும் உண்மையை எனக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை.

பெட்டி தயாரான அன்று உம்மாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கேசட்டைப் போட்டேன். முழக்கமான குரல் அறையை நிறைத்தது. வாப்பா தலையசைத்தார். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உம்மா மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் சொன்னார்:

"எம் புள்ள கொரலா இது? அவன் சீட்டி எங்கே?"

காக்காவுக்குச் சிறு வயதில் வேப்ப மரத்திலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்துபோயிற்று. அதனால் 'ச' வரும் சொற்களை அவர் பேசும்போது மெல்லிய சீட்டி ஒன்று கூடவே வரும். "சாப்பிட்டியளா" என்றால் அந்த முதல் எழுத்தில் சீட்டி. "உம்மா, சொகமா இருக்கியளா" என்றால் அதிலும் சீட்டி. நாங்கள் அதை வைத்துக் கேலி செய்து வளர்ந்தவர்கள். உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில் அது கேட்டது. என் இரண்டடிப் பெட்டியில் கேட்கவில்லை. குரல் கனமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. இடையிடையே ட்வீட்டரில் ஒரு கரகரப்பு வேறு.

உம்மா எழுந்து போய்விட்டார். மறுநாள் அஸருக்குப் பிறகு பழைய டூ-இன்-ஒன்னின் மேலேயே கவிழ்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் ஊரே அழைக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சுருள்களைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"தம்பி, நீ கிராஸ் ஓவர் செய்யலே. டிரான்ஸ்ஃபார்மர் செஞ்சிருக்கே."

எனக்கு விளங்கவில்லை. கேசட் எதையாவது கொண்டுவரச் சொன்னார். "அண்ணன் கேசட்டு வேண்டாம், அதை வச்சுச் சோதிக்கக் கூடாது. ஏதாவது பாட்டுக் கேசட்டு" என்றார். நாகூர் ஹனீபா அவர்களின் பாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டுபோனேன்.

ஊஃபரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எட்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தார். மின்னோட்டம் ஓடும், சத்தம் வராது. ட்வீட்டருக்கு உரிய சுருளை எல்லா இணைப்பிலிருந்தும் துண்டித்தார். அது இப்போது வெறும் கம்பிக் கட்டு. எந்தக் கம்பியும் அதைத் தொடவில்லை. அதன் இரு முனைகளிலும் சிறிய கிரிஸ்டல் இயர்போன் ஒன்றை மாட்டி, அதை என் காதில் வைத்தார். பிறகு கேசட்டை ஓடவிட்டார்.

கடையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் என் காதுக்குள் ஹனீபா பாடிக்கொண்டிருந்தார்.

மெலிந்து, கீச்சென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல. ஆனால் சொல்லுக்குச் சொல் தெளிவாக. எதனோடும் இணையாத சுருளிலிருந்து ஒரு மனிதக் குரல்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தபடி அந்தச் சுருளைப் போல்ட்டிலிருந்து உருவி, மெல்ல நகர்த்தினார். குரல் தேய்ந்தது. இன்னும் நகர்த்தினார், இன்னும் தேய்ந்தது. பிறகு சுருளைப் படுக்கை நிலையிலிருந்து மெதுவாகத் திருப்பி நிமிர்த்தினார். ஓர் இடத்தில், ஒரேயோர் இடத்தில், குரல் முற்றாக நின்றது. அந்த இடத்தைத் தாண்டித் திருப்பினால் மறுபடியும் வந்தது.

"அதான் இடம்" என்றார்.

மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எழும் என்பதை 1820இல் எர்ஸ்டெட் என்ற டென்மார்க்கு நாட்டு அறிஞர் திசைகாட்டி முள்ளின் அசைவால் அறிந்தார். 1831இல் ஆங்கில நாட்டு மைக்கேல் பாரடே இரும்பு வளையம் ஒன்றில் தனித்தனியாக இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தியும் நிறுத்தியும் மற்றொன்றில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். உலகத்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்கெல்லாம் மூதாதை அந்த வளையந்தான். பாரடே அரும்பாடுபட்டுச் செய்ததை, நான் வேண்டாத இடத்தில் வெகு சுலபமாகச் செய்து முடித்திருந்தேன். இரண்டு சுருள், ஓர் அச்சு, நடுவில் இரும்பு!

அதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். ட்வீட்டரின் முன்வாசலில் கண்டன்சர் என்ற காவலாளியை நிறுத்தித் தடித்த ஓசைகளைத் தடுத்திருந்தேன் அல்லவா? ஊஃபரின் சுருளில் ஓடிய தடித்த ஓசைகளோ, காந்தப்புலத்தின் வழியாக, கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்து ட்வீட்டரின் சுருளுக்குள் வந்து சேர்ந்தன. அதுதான் அந்தக் கரகரப்பு. போதாக்குறைக்கு, இரும்பு போல்ட் சுருளின் மில்லிஹென்றி அளவையே கூட்டிவிட்டது. நான் இரவெல்லாம் எண்ணிச் சுற்றிய 120 சுற்றுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. அளவு கூடிய சுருள் 3000க்கு வெகு முன்பே ஊஃபரின் வாயை அடைத்தது. இரண்டும் கைகோத்துப் பாடவேண்டிய இடத்தில் ஒன்றையொன்று தள்ளிவிட்டன. அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. காக்காவின் சீட்டி அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது.

அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததையும், பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். பெட்டி செய்யும் இளைஞர் யாருக்காவது பயன்படலாம். சுருள்களை அருகருகே வைப்பதில் மிக மோசமானது ஒரே அச்சில் அடுக்குவது. பலகையில் இரண்டையும் படுக்கவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதற்கு அடுத்த மோசம். ஒன்றைப் படுக்கவைத்து மற்றொன்றை நிமிர்த்தினால் அச்சுகள் செங்கோணமாகும். உறவு ஏறத்தாழ அறும். நிமிர்ந்த சுருளைப் படுத்த சுருளின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். செங்கோணமாக இருந்தாலும் ஏற்ற இறக்கமாக, மூலைவாட்டில் வைத்தால் புலம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். செங்கோணம் வந்துவிட்டது, இனி எங்கே வைத்தாலென்ன என்று நான் ஒருமுறை நினைத்து ஏமாந்தேன்; இயர்போன் காட்டிக்கொடுத்தது. தூரமும் பெரிய மருந்து. சுருளின் அளவைவிடச் சற்று எட்டிப் போய்விட்டால், தூரத்தை இரட்டிப்பாக்கும்போது ஒட்டுதல் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

இரும்பு போல்ட்டை எறிந்துவிட வேண்டும். பித்தளைத் திருகாணி போதும். கோந்தும் நூலும் இன்னும் நல்லது. ஊஃபரின் காந்தத்துக்குப் பின்னாலேயே சுருளை வைக்கக் கூடாது. அந்தக் காந்தத்தின் இரும்பும் போல்ட்டைப் போலவே அளவைக் கெடுக்கும். தகரத் தட்டின் மேல் சுருளை ஒட்டுவதும் அப்படித்தான். சுற்றுகள் தளர்ந்திருந்தால் சுருளே அதிர்ந்து மெல்ல முனகும். ஆகவே வார்னிஷ் பூசி இறுக்க வேண்டும்.

கம்பி இழுப்பதிலும் நான் ஒரு தவறு செய்திருந்தேன். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியாகப் போகும் கம்பி வைத்துவிட்டு, திரும்பி வரும் வழிக்கு மட்டும் மெல்லிய ஒரே கம்பியை இருவருக்கும் பொதுவாக்கியிருந்தேன். மிச்சம் பிடிக்கும் புத்தி! அந்தப் பொதுக் கம்பிக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. ஊஃபரின் பெரிய மின்னோட்டம் அதில் ஓடும்போது எழும் மின்னழுத்தம் ட்வீட்டரின் கணக்கிலும் ஏறிவிடுகிறது. ஒரு மீட்டர் கம்பியில் அது நூற்றில் ஒரு பங்குதான். போல்ட் செய்த கேட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஆனாலும் அண்ணாச்சி விடவில்லை. இருவருக்கும் தனித்தனியே தடித்த கம்பி இழுத்து, பெட்டியின் முனையத்தில் மட்டுமே சேர்த்தார். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் அப்படி முறுக்கினால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பெண்பிள்ளைக்குச் சடை பின்னுவது போல அவர் முறுக்கியது இன்றும் அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது.

புறப்படும்போது அவர் கேட்டார்: "அண்ணன் கேசட்டை எங்கே வைக்கிறே?"

"பெட்டி மேலேதான், அண்ணாச்சி."

அவர் முகம் மாறியது. "எடு. இன்னைக்கே எடு."

கேசட்டின் நாடா நான்கு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டிக்குள் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது நகர்கிறது. அதன்மேல் பூசிய காந்தத்துகள்கள் எந்தப் பக்கம் எவ்வளவு காந்தமேறியிருக்கின்றன என்பதுதான் குரல். ஊஃபரின் பின்னால் இருப்பது வலிமை மிக்க நிலைக்காந்தம். அதனருகே நாடாவை வைத்தால், துகள்கள் தாங்கிய வடிவம் கலைந்துபோகக்கூடும். இரண்டு வாரங்களாகக் காக்காவின் குரலை அந்தக் காந்தத்தின் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன்! வீடு வரை ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். இறையருள், பெட்டியின் மேற்பலகைக்கும் காந்தத்துக்கும் ஓரடிக்கு மேல் இடைவெளி இருந்தது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே அதை உம்மாவின் மர அலமாரிக்கு மாற்றினேன். அந்த வாரமே அதற்கு இரண்டு நகல்களும் எடுத்தேன்.

சுருள்களை மாற்றிப் பொருத்த எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒன்று படுக்கை, மற்றது நிமிர்ந்தது, நடுவில் ஒரு சாண் தூரம். இயர்போனை வைத்து நானே திருப்பித் திருப்பி, குரல் நிற்கும் இடத்தைத் தேடினேன். நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒட்டினேன். ஆம்பிளிஃபையரின் மின்மாற்றியிலிருந்து மெல்லிய முரல் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது. நொடிக்கு 50 முறை அலைவுறும் வீட்டு மின்சாரத்தின் புலம் டூ-இன்-ஒன்னின் ஒலிமுனையில் புகுந்ததால் வந்தது அது. இரண்டையும் இரண்டு முழம் தள்ளி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் சில மாதங்கள் ஆயின.

உம்மாவை மறுபடியும் அழைக்கக் கூச்சமாக இருந்தது. அவராகவே வரட்டும் என்று, ஒரு நாள் அஸருக்குப் பிறகு கேசட்டை எடுத்துப் பெட்டியில் ஓடவிட்டுவிட்டு நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். காக்கா ஸலாம் சொன்னார். பிறகு, "உம்மா, சொகமா இருக்கியளா" என்றார். சீட்டி அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. உம்மா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவா வையி. அவன் இம்புட்டுச் சத்தமாப் பேசுறவன் இல்லே."